வெறும் லொறிக்கும் டீசல் வேணும்: கேள்வி பதில்

மட்டக்களப்பில லொறிக் கணக்குப் பார்த்தே தலை நரைச்ச ஆள் நான். சாமான் ஏத்தி இறக்கிறதில எவ்வளவு புகை போகுது எண்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தீங்க.

செங்கலடி: அண்ணன், நெல் ஏத்திக் கொழும்புக்கு ஒரு நடை போய்வந்தா எவ்வளவு காபன்?

டீசலை எண்ணுங்க, புகை தெரியும். ஒரு லீற்றர் எரிஞ்சா ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. பத்துத் தொன் ஏத்தின லொறி லீற்றருக்கு மூண்டரைக் கிலோமீற்றர் ஓடுது எண்டு வைப்பம். 315 கிலோமீற்றருக்கு 90 லீற்றர், அதாவது 240 கிலோ சொச்சம். வெறுமையாத் திரும்பி வர லீற்றருக்கு அஞ்சு ஓடினாலும் இன்னொரு 170 கிலோ. அந்த 170உம் உங்கட நெல்லின்ர தலையிலதான். தொன்னுக்கு 41 கிலோ! திரும்பேக்க பத்துத் தொன் சீமெந்து ஏத்தினா அது 24 ஆகுது. புது லொறி வாங்கினாலும் இவ்வளவு குறையாது.

சம்மாந்துறை: காக்கா, குத்தாம நெல்லாவே பொலன்னறுவை மில்லுக்கு அனுப்புறம். பிழையா?

நூறு கிலோ நெல்லைக் குத்தினா அரிசி 65 கிலோ அளவில வரும். மிச்சம் உமியும் தவிடும். உமிக்கு ஏன் லொறிக் கூலி? இஞ்ச குத்தினா அதே உமி நெல் அவிக்கிற அடுப்புக்கு விறகாகும். ஆனா அறுவடை நேரம் உள்ளூர் மில்காரர் காசைக் கையில வைக்காட்டி எந்தப் போடியாரும், அதான் வயல்காரரும், காத்திருக்க மாட்டார். அது கடன் கணக்கு, புகைக் கணக்கில்ல.

வந்தாறுமூலை, மாணவி: சேர், கோச்சியில, அதான் ரயில்ல, அனுப்பினா?

தண்டவாளத்தில சில்லு உருள உராய்வு கொஞ்சம்தான். ஒரே எஞ்சின் நூற்றுக்கணக்கான தொன்னை இழுக்கும். நிறைய ஏத்தினா தொன்னுக்கு லொறியின்ர மூண்டில ஒரு பங்கு டீசல் போதும். கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து எண்ணெய் மட்டக்களப்புக்கு கோச்சியிலயும் வருகுது. பிரச்சினை, தண்டவாளம் மட்டக்களப்போட முடியுது. அக்கரைப்பற்றுச் சாமான் 60 கிலோமீற்றருக்கு மேல லொறியில வந்து, இறக்கி, திரும்ப ஏத்தணும். அவசரமில்லாத பாரச் சாமானுக்குச் சரி: பசளை, மா, சீமெந்து. இன்னொண்டு, இந்தத் தண்டவாளம் போற கல்லோயா, ஹபரணைப் பக்கம் யானை கடக்கிற பாதை. 2025 பெப்ரவரியில பயணிகள் கோச்சி மோதி ஆறு யானை செத்தது. இரவில மெதுவாத்தான் ஓட்டணும்.

வாழைச்சேனை: மீனை?

லொறிதான். பிந்திப் பழுதான மீனைக் கொட்டினா, பிடிச்ச வள்ளத்தின்ர டீசலும் சேர்ந்து வீண்.

ஒலுவில்: எங்கட துறைமுகம் உதவாதா?

கப்பல்தான் எல்லாத்திலயும் சிக்கனம். ஆனா 2013இல திறந்த துறைமுகத்தின்ர வாயை மண் மூடுது, பக்கத்துக் கரையைக் கடல் தின்னுது. மண் தோண்டுற டீசலையும் அந்தக் கணக்கில போடுங்க.

கல்முனை: திரும்ப வர லோட் பிடிக்கிறது எப்படி?

லொறி வெளிக்கிட முதல் ரெண்டு நாள் இருக்கேக்கயே இஞ்சத்த பசளைக்கடை, ஹார்ட்வெயார்க்காரரைக் கேளுங்க. அவங்களும் கொழும்பிலிருந்து சாமான் கொண்டந்து இறக்கிட்டு வெறுமையாத் திரும்புற லொறிக்குச் சேர்த்துத்தான் கூலி குடுக்கிறாங்க. அரை நாள் காத்திருக்க ட்ரைவருக்குச் சாப்பாட்டுக் காசும் குடுங்க, இல்லாட்டி அவர் நிக்கமாட்டார்.