கண் திறக்கிறான், ஆளைத் தெரியவில்லை: தலைக்காயத்துக்குப் பின் தம்பி தேறுவானா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து மோட்டாரில் வீடு திரும்பும்போது விபத்து. பினாங்கு பொது மருத்துவமனையில் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து ஆப்பரேஷன் செய்தார்கள். மூன்று வாரமாகிறது. இப்போது வார்டில் இருக்கிறான். தொண்டையிலும் மூக்கிலும் குழாய். கண் திறக்கிறான், எங்களைத் தெரிந்த மாதிரி இல்லை. தனியாருக்கு மாற்றச் சொல்லி சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். மாற்றலாமா? பழையபடி வருவானா? (ஓர் அக்காள், பட்டர்வொர்த்)

பதில்: மூன்றாவது வாரத்திலேயே "வருவான்" என்றோ "வரமாட்டான்" என்றோ அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். டாக்டர்கள் "பொறுத்துப் பார்ப்போம்" என்பது தட்டிக்கழிப்பதற்கு அல்ல. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், விபத்து நடந்து இரண்டு வாரமாகியும் சுயநினைவில்லாமல் கிடந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நினைவு திரும்பியது. ஆனால் நாள், இடம், ஆள் தெரியும் அளவுக்குத் தெளிந்தவர்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான். இரண்டையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். எலும்பை எடுக்கும் அறுவையும் அப்படித்தான்: உயிரைக் காக்கும், ஆனால் பிழைப்பவர்களில் சிலர் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டிவரும். வயது குறைவு என்பது உங்கள் தம்பிக்குச் சாதகம்.

கண் திறப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொன்னதைச் செய்கிறாரா என்பதுதான் முக்கியம். இதில் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. உள்ளங்கையில் விரலை வைத்தால் அவர் இறுக்கிப் பிடிப்பார். அது அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். "கையை விடு" என்று சொல்லிப் பாருங்கள். "கட்டை விரலைத் தூக்கு" என்று சொல்லிவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். தலைக்காயம் பட்டவருக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். தமிழிலேயே, ஒருவர் மட்டும், டிவி சத்தம் இல்லாதபோது சொல்லுங்கள். வார்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டால் அசையாதவர் அக்காளின் குரலுக்கு அசையலாம். ஒருமுறை செய்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து, காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது காட்டுங்கள்.

மாற்றும் விஷயத்துக்கு வருவோம். ஆப்பரேஷன் முடிந்த இந்தக் கட்டத்தில் அவருக்கு வேண்டியது ஆடம்பர அறை அல்ல. நரம்பியல் அறுவை நிபுணரின் கண்காணிப்பும் மறுவாழ்வு சிகிச்சையும்தான். முதலாவது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. கையிருப்பைத் தனியார் பில்லில் கரைத்துவிட்டால், வீட்டுக்கு வந்தபின் தேவைப்படும் பிசியோவுக்கும் ஆள் துணைக்கும் என்ன செய்வீர்கள்?

இனி ஆபத்து மூளையில் மட்டுமில்லை. நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், மடங்கி இறுகும் மூட்டுகள் ஆகியவையும் தேறுவதைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். எலும்பு இல்லாத பக்கம் அழுத்தம் விழக்கூடாது. கை கால்களை எப்படி நீட்டி மடக்குவது என்று பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். பாசத்தில் ஒரு ஸ்பூன் மைலோ ஊட்டிவிடாதீர்கள். விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதிக்கும்வரை அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம். திருநீறு பூசலாம், தடையில்லை, குழாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம்.

நினைவு தெளியும்போது அவர் கத்தலாம், குழாயைப் பிடுங்கலாம், அதுவரை பேசாத கெட்ட வார்த்தை பேசலாம். பதறாதீர்கள், மூளை விழிக்கும்போது பலர் இந்தக் கட்டத்தைக் கடக்கிறார்கள். வருபவர்களைக் குறைத்து, விளக்கைத் தணித்து, "நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வலிப்பு மாத்திரை எதுவரை? வலிப்பே வராதவருக்குத் தடுப்பு மருந்து வழக்கமாக முதல் ஏழு நாளுக்குத்தான். எடுத்த எலும்பை எப்போது திரும்பப் பொருத்துவார்கள்? மறுவாழ்வு மருத்துவரிடம் எப்போது அனுப்புவார்கள்? கடைசிக் கேள்வியை டிஸ்சார்ஜ் வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, இன்றே செய்ய வேண்டியது. வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக்காயத் திட்டத்தில் வரும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் கேளுங்கள். போலீஸ் ரிப்போர்ட், மருத்துவச் சான்று, ஷிப்ட் நேரம் காட்டும் தாள் மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால், மலாக்காவிலுள்ள சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப முடியுமா என்றும் சொக்சோவிடம் விசாரியுங்கள்.