60 சதவீதம் என்றார்கள், வந்தது 1,200 ரூபாய்தான்!

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பங்கை 480 ரூபாய் வீதம் 200 வாங்கினேன். 60 சதவீதம் டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை) அறிவித்தார்கள். போட்ட 96,000 ரூபாய்க்கு 57,600 வரும் என்றார் வாங்கிக் கொடுத்த ஆலோசகர். கணக்கில் ஏறியது 1,200. மீதியை யாரிடம் கேட்பது? "டிவிடெண்ட் கவர் ஒன்றரை மடங்கு இருக்கிறது, தைரியமாக இன்னும் வாங்குங்கள்" என்கிறார் அதே ஆலோசகர். வாங்கலாமா? ஆண்டறிக்கையின் சில பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மீதி என்று எதுவும் இல்லை. உங்களுக்குச் சேர வேண்டியது முழுவதும் வந்துவிட்டது. 60 சதவீதம் என்பது நீங்கள் கொடுத்த 480 ரூபாயில் அல்ல, பங்கின் முகமதிப்பில், அதாவது சந்தை விலை எதுவானாலும் பங்குக்கு நிறுவனம் குறித்து வைத்த மதிப்பில். அறிக்கைப்படி முகமதிப்பு 10 ரூபாய். அதில் 60 சதவீதம் 6 ரூபாய். 200 பங்குக்கு 1,200. கணக்கு சரி.

இந்தச் சதவீதத்தை இன்னும் எதற்காகக் கட்டி அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. முகமதிப்பு 1 ரூபாயாக இருந்தால் இதே 6 ரூபாயை '600 சதவீதம்' என்று அறிவிப்பார்கள். உங்கள் கைக்கு வருவது ஒரு பைசாகூட அதிகமாகாது. பங்குக்கு இத்தனை ரூபாய் என்று மட்டும் அறிவித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதுவரை சதவீதத்தைப் பார்த்ததும் முதலில் முகமதிப்பைத் தேடுங்கள்.

உங்கள் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்வது டிவிடெண்ட் யீல்டு. 6-ஐ 480-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.25 சதவீதம். 60 எங்கே, ஒன்றேகால் எங்கே! இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தாலும் தவறு, தெரிந்தே மறைத்திருந்தால் அதைவிடத் தவறு.

யீல்டிலும் ஒரு பொறி உண்டு. பங்கின் விலை நாளைக்கு 120-க்கு விழுந்தால் யீல்டு 5 சதவீதமாகத் தெரியும். நிறுவனம் ஒரு பைசாவும் கூட்டியிருக்காது, விலைதான் விழுந்திருக்கும். 'யீல்டு அதிகமுள்ள பங்குகள்' என்று பட்டியல் போட்டு விற்பவர்களுக்கு இதுதான் சரக்கு. சொத்தை விற்று ஒரே ஒரு முறை கொடுத்த சிறப்பு டிவிடெண்டையும் சேர்த்துக் காட்டுவார்கள். 'நாளைக்கு எக்ஸ்-டிவிடெண்ட் தேதி, இன்றைக்கே வாங்கினால் 6 ரூபாய் இலவசம்' என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தத் தேதி முதல் வாங்குபவருக்கு இந்த டிவிடெண்ட் கிடையாது; அதனால் அன்று பங்கின் விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கித்தான் தொடங்கும். வாங்கவும் விற்கவும் தரகு கொடுத்ததுதான் மிச்சம்.

இனி அந்த ஒன்றரை மடங்குக்கு வருவோம். கொடுக்கும் டிவிடெண்டைப் போல லாபம் எத்தனை மடங்கு என்பதுதான் டிவிடெண்ட் கவர். வரிக்குப் பிந்தைய லாபம் 9 கோடி. சாதாரணப் பங்கு மூலதனம் 10 கோடி, அதாவது 10 ரூபாய் வீதம் ஒரு கோடி பங்குகள். மொத்த டிவிடெண்ட் 6 கோடி. உங்கள் ஆலோசகர் 9-ஐ 6-ஆல் வகுத்து 1.5 என்று சொல்லிவிட்டார். குறிப்புகள் பகுதியைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே 10 கோடி ரூபாய்க்கு 10 சதவீத முன்னுரிமைப் பங்குகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 1 கோடி கொடுத்த பிறகுதான் சாதாரணப் பங்குதாரருக்கு. ஆகவே உங்களுக்கு உரிய லாபம் 8 கோடி, பங்கு ஒன்றுக்கான வருவாய் 8 ரூபாய். உண்மையான கவர் 8-ஐ 6-ஆல் வகுத்தால் 1.33. சம்பாதித்ததில் முக்கால் பங்கை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். விலையை வருவாயால் வகுத்தால் 60. வருவாய் இப்படியே நின்றால், நீங்கள் கொடுத்த 480 ரூபாயை அந்தப் பங்கு சம்பாதிக்க 60 ஆண்டு ஆகும்.

முன்னுரிமைப் பங்கு விஷயத்தில் தேர்ந்த மாணவர்களே தடுக்கி விழுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எல்லா முன்னுரிமை டிவிடெண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது. குறித்த தேதியில் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற வகையாக இருந்தால், பெயர் பங்காக இருந்தாலும் அது கடன்தான். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 32 அப்படித்தான் சொல்கிறது. அதற்குக் கொடுக்கும் டிவிடெண்ட் நிதிச் செலவாக, லாபத்தைக் கணக்கிடும்போதே கழிந்திருக்கும். மறுபடி கழித்தால் இரட்டைக் கழிப்பு. திருப்பித் தர வேண்டாத வகையிலும் இரண்டு உண்டு. கொடுக்காத டிவிடெண்ட் பாக்கியாகச் சேர்ந்துகொண்டே போகும் வகைக்கு, இந்த ஆண்டு அறிவிக்காவிட்டாலும் இந்த ஆண்டுக்கான டிவிடெண்டைக் கழித்தே ஆக வேண்டும். பாக்கி சேராத வகைக்கு, அறிவித்திருந்தால் மட்டும் கழித்தால் போதும். முந்தைய ஆண்டுகளின் பாக்கியை இந்த ஆண்டு கொடுத்திருந்தால் அதை இந்த ஆண்டு வருவாயில் கழிக்கக் கூடாது; அது அந்தந்த ஆண்டிலேயே கழிந்துவிட்டது. இது தரநிலை 33-இல் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் இருப்பவை திருப்பித் தர வேண்டாதவை, பாக்கி சேருபவை. அதனால் 1 கோடியைக் கழித்தது சரி.

இத்தனை முக்கியமான விவரத்தை அறிக்கையின் கடைசியில், பொடி எழுத்தில், பத்தோடு பதினொன்றாகப் போடுகிறார்கள். முதல் பக்கத்தில் தலைவரின் படம் பெரிதாக இருக்கிறது. பங்கு ஒன்றுக்கான வருவாயை எப்படிக் கணக்கிட்டோம் என்று அங்கே இரண்டு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அந்த 6 ரூபாயில் 2 ரூபாய் ஆண்டின் நடுவிலேயே கொடுத்த இடைக்கால டிவிடெண்ட், 4 ரூபாய் இறுதி டிவிடெண்ட். இறுதி டிவிடெண்டை ஆண்டு முடிந்த பிறகு அறிவித்ததால், அது ஆண்டு முடிவில் சொத்தையும் கடனையும் காட்டும் இந்த இருப்புநிலைக் குறிப்பில் கடனாக வராது. பணப்புழக்க அறிக்கையில் இருக்கும் 5 கோடி, போன ஆண்டின் இறுதி டிவிடெண்டும் இந்த ஆண்டின் இடைக்கால டிவிடெண்டும் சேர்ந்தது. அந்த 5-ஐ எடுத்து இந்த ஆண்டு லாபத்தோடு வைத்துக் கவர் கணக்கிட்டால் நிறுவனம் இன்னும் அழகாகத் தெரியும். அந்த அழகு பொய்.

இன்னும் வாங்கலாமா என்றால், என் பதில் இப்போது வேண்டாம். கவர் 1.33 என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதே பணப்புழக்க அறிக்கையில், தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம் 5.5 கோடி. சாதாரண, முன்னுரிமை இரண்டுக்குமாக வெளியே போனது 6 கோடி. ஒரு இயந்திரம் வாங்குவதற்கு முன்பே அரைக் கோடி துண்டு விழுகிறது. அறிவித்தபடி கொடுக்க இனி ஆண்டுக்கு 7 கோடி வேண்டும். லாபம் 9 கோடி என்று காட்டி, கைக்கு 5.5 கோடிதான் வந்தது என்றால் மீதி எங்கே நிற்கிறது? வசூலாகாத பாக்கியிலா, விற்காத சரக்கிலா? இருப்புநிலைக் குறிப்பில் அந்த இரண்டு வரிகளையும் போன ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையிலிருக்கும் 200 பங்கை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். அடுத்த அறிக்கையில் அந்த 5.5 கோடி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்குள் உங்கள் ஆலோசகரிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பங்கை நான் வாங்கினால் உங்களுக்கு யார், எவ்வளவு கொடுக்கிறார்கள்?