பாதை வரும்வரை துறையில் நிற்பது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடியில் கணிதம் படிப்பிக்கிறேன். போன மாரியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மகனும் மாமாவும் நானும் டொமினோவே கதியென்று கிடந்தோம். நான்காம் நாள் மகனுக்கு அலுத்துவிட்டது. இதையே ஒரு பலகையில் வைத்து விளையாடினால் என்ன என்று நினைத்து ஒன்றை அமைத்தேன்.

எட்டுக்கு எட்டுக் கட்டம். நடு இரண்டு வரிசைக்கும் நீலம் அடித்தேன், அது எங்கள் மட்டக்களப்பு வாவி. ஒரு பக்கம் கிழக்கே எழுவான்கரை, மறுபக்கம் மேற்கே படுவான்கரை. ஆட்டம் எழுவான்கரையில் தொடங்கும். வாவிக்குக் குறுக்கே, இரண்டு பாதியிலும் ஒரே எண் உள்ள சோடிக் காய்களை மட்டும் வைக்கலாம். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற மிதவையைப் பாதை என்போம், அது மாதிரி அவைதான் இங்கே பாதை. கரையில் எந்தக் காயும் வைக்கலாம். ஒரு பக்கம் எண் ஒத்தால் போதும், மற்றப் பக்கங்களில் எது தொட்டாலும் பரவாயில்லை. சில கட்டங்களுக்குச் சிவப்பு அடித்து இரட்டிப்புப் புள்ளியும் கொடுத்தேன்.

இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மகன், "இதுல யாரும் மாட்டுப்படுறல்லயே" என்றான். மாமா, "சோடி கூடக் கிடைச்சவன்தான் வெல்றான், மறுகா என்னத்துக்குப் பலகை?" என்கிறார். பலகையைப் பெரிதாக்கட்டுமா? எதை மாற்றலாம்?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மகன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். டொமினோவின் ருசியே மாட்டுப்படுவதில்தான் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஆடிய ஓர் ஆட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எண் ஒத்த காயை முனையில் மட்டும் சேர்க்கிற வழக்கமான வரிசை ஆட்டம், வரிசையின் இரண்டு முனையிலும் நான்கு. நான்கு உள்ள காய்கள் மொத்தம் ஏழு. ஆறு விழுந்துவிட்டன. ஏழாவது, சோடி நான்கு, என் கையில். எதிரே இருந்த நண்பர் வைக்கக் காயில்லாமல் விரலால் மேசையைத் தட்டி "பாஸ்" என்றார், அடுத்தவரும் தட்டினார். நான் சோடியை வைத்தேன். இரண்டு முனையிலும் அப்போதும் நான்குதான், உலகத்தில் நான்கு உள்ள காய் வேறில்லை. ஆட்டம் அங்கேயே அடைபட்டது. முனை இரண்டே இரண்டு என்பதால்தான் இது நடக்கிறது. ஒருவர் பாஸ் சொன்னால் அவர் கையில் எது இல்லையென்று நமக்குத் தெரிந்துவிடும். அதைக் கொண்டுதான் மிச்சத்தை ஆடுகிறோம்.

உங்கள் பலகை அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டது. எழுவான்கரையின் நடு வரிசையில் மூன்று காய்களை நீளமாக வைத்துப் பாருங்கள். வரிசை ஆட்டத்தில் அதற்கு இரண்டு முனை. பலகையில் அதைத் தொட்டுக்கொண்டு 14 கட்டங்கள் திறந்து கிடக்கும். எப்படி மாட்டுவது? பலகையைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். 28 காய்களுக்கு 56 கட்டம் வேண்டும், உங்களிடம் 64 இருக்கிறது. அதுவே தாராளம்.

என் ஆலோசனை இது: ஒரு காய் எந்தெந்தப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடுகிறதோ அத்தனை பக்கத்திலும் எண் ஒத்திருக்க வேண்டும். சின்ன மாற்றம்போலத்தான் தெரியும். ஆனால் வைத்துப் பாருங்கள். 3-4 என்ற காயோடு இன்னொரு காயை முழு நீளத்துக்கும் அணைத்து வைக்கவே முடியாது, ஏனென்றால் இன்னொரு 3-4 கிடையாது. காய்கள் கிளைவிட்டுத்தான் போகும். கிளைகளுக்கு நடுவே யாராலும் நிரப்ப முடியாத கட்டங்கள் விழும். ஆட்டம் போகப்போக இடம் சுருங்கும், பாஸ் திரும்பி வரும்.

இனி வாவிக்கு வருகிறேன். டீச்சர், இதுதான் உங்கள் ஆட்டத்தின் உயிர். இதை என்ன செய்தாலும் விட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் மண்டூர் முருகன் திருவிழாவுக்கு அந்தப் பாதையில்தான் போவோம். நாங்கள் துறைக்கு வரும்போது பாதை அக்கரையில் நிற்கும். சைக்கிள்களும் சாமான்களுமாக ஒரு கூட்டம் இக்கரையில். கோயில் அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காத்திருப்பை நீங்கள் ஒரு விதிக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

ஆனால் சோடிகளைக் கரையிலும் வைக்க விட்டிருக்கிறீர்கள். மாமாவின் குறை அதிலிருந்துதான் வருகிறது. சோடி வைத்திருப்பவருக்குக் கரையும் இருக்கிறது, வாவியும் இருக்கிறது, மற்றவருக்குக் கரை மட்டும். சோடிகளை வாவிக்கு மட்டும் ஒதுக்குங்கள். அப்போது இன்னொன்று தானாக நடக்கும், கவனித்தீர்களா? வாவியைக் கடக்கும் அடுத்தடுத்த நிரல்களில் இரண்டு சோடிகள் நின்றால் அவை ஒன்றையொன்று தொடும், எண் ஒத்துவராது. ஆகவே எட்டு நிரலிலும் சேர்த்து நான்கு பாதைதான் ஓட முடியும். ஏழு சோடியில் குறைந்தது மூன்று வாவியில் இறங்காமலே மிஞ்சும். கடைசியில் கையில் உள்ள புள்ளிகளை எண்ணும்போது, கையில் தங்கிய சோடிகள் கனக்கும். சோடி ஆறு மட்டும் 12 புள்ளி. கடக்கலாமென்று சோடியைப் பிடித்துவைத்திருப்பதா, முதலில் கிடைத்த துறையில் இறக்கிவிடுவதா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிவரும். பாதை ஒன்று விழுந்தபின் அதைப் பிடித்து யாரும் அக்கரைக்குப் போகலாம். அந்தச் சோடிக்கு ஒத்த எண் கையில் இருந்தால் சரி.

காய் பிரிப்பதையும் மாற்றுங்கள். சோடிகள் ஏழையும் தனியாகக் கலக்கி ஆளுக்கு இரண்டு. மற்ற 21 காய்களை ஆளுக்கு ஏழு. நீங்கள் மூன்று பேர், கணக்கு அச்சொட்டாக வருகிறது. இத்தோடு மாமாவின் முறைப்பாடு தீரும் என்று நினைக்கிறேன்.

சிவப்புக் கட்டங்கள் வேண்டாம். அவை ஆட்டத்துக்கு வெளியிலிருந்து கொட்டிய சீனி.

பலகை கீறும்போது அடிமட்டத்தால் அளந்து தொடங்காதீர்கள். ஒரு காயை நிமிர்த்தி வைத்து, அதன் அகலத்தோடு ஒரு மயிரளவு கூட்டி அதையே ஒரு கட்டமாக எடுங்கள். வாவியின் இரண்டு வரிசையிலும் காயின் நீளம் சரியாக உட்கார வேண்டும். நான் ஒருமுறை செஸ் பலகையிலேயே ஆடிப் பார்த்தேன், காய்கள் பக்கத்துக் கட்டத்தில் ஏறிக்கொண்டு எது எதைத் தொடுகிறது என்பதே சண்டையாகிவிட்டது.

ஆடும்போது ஒரு கொப்பியில் பாஸ் எத்தனை விழுந்தது, யார் முதலில் தொடங்கினார், யார் வென்றார் என்று மட்டும் குறியுங்கள். இருபது ஆட்டமாவது வேண்டும். எனக்கும் எழுதுங்கள், உண்மையாகவே காத்திருக்கிறேன்.

அப்புறம், பிரித்து முடிந்ததும் ஒரு சோடி மிஞ்சும். அதை யாரும் பார்க்காமல் பலகையின் ஓரத்தில் கவிழ்த்து வையுங்கள். சோடி ஆறு அங்கேதான் படுத்திருக்கிறதா, அல்லது மாமா கையில் இருக்கிறதா என்று உங்கள் மகன் கடைசிவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.