வேனில் படுக்கை, அடுப்பு: சுங்கை சிப்புட் வயர்மேனிடம் கேட்டவை

மலேசியாவில், சுங்கை சிப்புட் எஸ்டேட் ஆலையில் வயர்மேனாக, அதாவது கரண்டு வேலைக்காரனாக, இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய வேனைச் சரிசெய்து, வீட்டுக்காரியோடு கிளந்தான் மாநிலம் வரை போய்வந்தேன். ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) எல்லாரும் கேட்பதால் மொத்தமாகப் பதில்.

அண்ணே, 100 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமா?

லித்தியம் என்றால் 12.8 வோல்ட் பெருக்கல் 100, அதாவது 1280 வாட்-மணி. 20 வாட் ஃபேன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 160. விளக்கு, போன் எல்லாம் ஒரு 60. பெருந்தீனிக்காரன் ஐஸ் பெட்டிதான்: 45 வாட் கம்ப்ரஸர் நம்ம வெயிலில் பாதி நாள் ஓடும், 540. ஆக 760. ஒரு மழை நாளைத் தாங்கும், இரண்டாவது நாளுக்கு சோலார் வேண்டும். சாதா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் 12 வோல்ட் பெருக்கல் 100, அதில் பாதி, கையில் இருப்பது 600தான்.

அப்புறம், ஃபியூஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள். எனக்கு சீட்டுக்கடியில் சிவப்பு வயர் உரசி, தோல் உரிந்து, தகரத்தில் பட்டது. ஃபியூஸ் போனதோடு சரி. தகரத்தில் மிளகு அளவுக்குக் கருகல், இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள்.

ஏர்கோன் போடலாமா?

ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் 750 வாட் இழுக்கும். 1280ஐ வகுத்துப் பார் தம்பி.

படுக்கைக்காக சீட்டைக் கழற்றினால் பிடிப்பார்களா?

கழற்றுவதற்கு முன் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேளுங்கள்.

உள்ளே சமைக்கக் கூடாது என்றீர்களாமே, மழையில் என்ன செய்வது?

இதற்கு ஒட்டுக்கடையில் பெரிய சண்டையே நடந்தது. பின்கதவைத் தூக்கி அதன் கீழே சமை என்றேன். "எஸ்டேட் லயத்து வீட்டில் ஒரே அறையில் சமைத்து, ஒன்பது பேர் தூங்கினோம்," என்றார் ஒரு அக்கா. அக்கா, லயத்து ஓட்டில் சந்து இருந்தது, கதவை மூடினாலும் காற்று வரும். வேன் டப்பா. அடுப்பு எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷக் காற்றுக்கு வாசனை கிடையாது. கசிகிற சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரி நெத்திலி சம்பல் கதையைச் சொன்னாள்: உள்ளே ஒருமுறைதான் வதக்கினோம், மெத்தை மூன்று நாள் மணந்தது. அதற்குத்தான் அக்கா தலையாட்டினார்.

சின்ன ஏர்கோன் என்றால்?

கேமரன் மலைக்குப் போ. அங்கே தானா ராத்தா ஊரில் ராத்திரி போர்வை தேடுவாய்.

அண்ணே, இந்த ஏர்கோன்...

ஃபியூஸ் போட்டாயா?