கணக்குக்கு நேரே இருக்கும் கடைசி எழுத்து

தங்கச்சி, நீங்கள் கேட்டது நாலு விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு கிழமை, மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஊரில் பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல். மாதிரி ஒரு சோதனை இருக்கிறதாம், அதில் சித்தியடையாவிட்டால் ஹைஸ்கூல் டிப்ளோமா தரமாட்டார்களாம், உண்மையா என்பது முதலாவது. எந்த ரியூசனுக்கு விடலாம், பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு வீடு மாறுவது நல்லதா, பெடியனுக்கு என்ன ஜக்கெற் வாங்குவது என்பவை மற்ற மூன்றும்.

ஜக்கெற்றை யாரிடமும் கேட்கலாம். ரியூசன் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும், விடுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதுகூட நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு இல்லை. நீங்கள் கவனிக்காமல் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போன இன்னொரு இடத்துக்கு.

சோதனை இருக்கிறது, உண்மைதான். ஈ.கியூ.ஏ.ஓ. என்ற ஒன்ராறியோ மாகாண அமைப்பு நடத்துகிற எழுத்தறிவுச் சோதனை, லிற்றரசி ரெஸ்ற் என்பார்கள். பத்தாம் வகுப்பில் எழுதுவது. இப்போது கணினியில்தான், இரண்டு பகுதி. வாசித்து விடை தெரிவு செய்ய வேண்டும், ஒரு கருத்துக் கட்டுரை எழுத வேண்டும். 400க்கு 300 எடுத்தால் சித்தி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்குச் சோதனையும் உண்டு. ஆனால் அது அந்தப் பாடத்தின் புள்ளியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது, டிப்ளோமாவைத் தடுக்காது. மகன் அந்த வகுப்பைத் தாண்டித்தான் வந்திருக்கிறான், மறந்துவிடுங்கள்.

லிற்றரசி ரெஸ்ற் ஓ.எல். இல்லை. தவறினால் திரும்ப எழுதலாம். அதுவும் சரிவராவிட்டால் அதற்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது, அதைப் படித்துச் சித்தியடைந்தால் அந்தக் கடமை முடிந்தது. ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு, படிக்கிற பிள்ளை என்றால், ஆங்கிலம் இன்னும் வரவில்லை, அடுத்த வருடம் எழுதட்டும் என்று அதிபரிடம் கேட்டுத் தள்ளிப்போடலாம். எத்தனை தரம் எழுதினான் என்று பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை. இந்த வசந்தத்தில் எழுதச் சொன்னால் அவசரப்பட்டு ஓம் சொல்லாதீர்கள்.

ஊரிலிருந்து வருகிற எங்களுக்கு இது ஏறாது. ஒரு சோதனை, ஒரு பெறுபேறு, வாழ்க்கை முடிவு என்றே பழகியவர்கள். என் சித்தப்பா எழுபதுகளின் தொடக்கத்தில், தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குக் கூடப் புள்ளி எடுக்க வேண்டும் என்ற தரப்படுத்தல் வந்தபோது, ஏ.எல். என்ற பல்கலைக்கழகத் தேர்வுச் சோதனை எழுதியவர். கடைசி வரைக்கும் தன் புள்ளிகளை மனப்பாடமாகச் சொல்லுவார். ரொறன்ரோவில் கோப்பை கழுவிக்கொண்டே சொல்லுவார். அவருக்குச் சோதனை என்றால் வாசலில் நிற்கிற ஆமிக்காரன் மாதிரி.

ஒன்ராறியோவில் அப்படி ஒரு வாசல் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் மாகாணம் முழுக்க எழுதுகிற ஏ.எல். கிடையாது. அமெரிக்கர்களின் பல்கலைக்கழக நுழைவுச் சோதனையான எஸ்.ஏ.ரி.யும் இங்கே தேவையில்லை. புள்ளியில் 70 வீதம் வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 வீதம்தான் கடைசிச் சோதனைக்கும் செயற்றிட்டத்துக்கும். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலப் பாடம். அதில் கட்டாயமானவை 18 ஆக இருந்தன. 2024 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியவர்களிலிருந்து 17. ஆங்கிலம் நாலு, கணக்கு மூன்று, பிரெஞ்சு ஒன்று என்று போகும். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்று அதிபர் பார்த்துத் தருவார், ஆகவே ஊர்ப் பெறுபேறு, ரிப்போட் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதோடு 40 மணித்தியாலம் சம்பளமில்லாத சமூகத் தொண்டு. நூலகம், முதியோர் இல்லம், எங்கேயாவது செய்யலாம். கடைசி வருடத்தில் ஓடித்திரியாமல் இந்தக் கோடையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

தமிழ் படித்தாலும் கிரெடிட் உண்டு, தெரியுமா? சனிக்கிழமைகளில் கல்விச் சபைகள் நடத்துகின்றன. ஊரிலிருந்து நேற்று வந்த பெடியனுக்கு அது கையில் வைத்துக் கொடுத்த மாதிரி. ஆனால் எங்கள் ஆட்கள் தமிழ் படித்து என்ன லாபம் என்று அந்த நேரத்தில் ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். சரி, ரியூசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. "பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அப்ளைட் போட்டிருக்கிறார்கள், நல்லது போல."

தங்கச்சி, அதைப் படித்ததும் எனக்கு நித்திரை போய்விட்டது.

எங்களுக்கு அப்ளைட் என்றால் பிரயோக கணிதம். ஊரில் தூய கணிதம், பிரயோக கணிதம் என்று ஏ.எல். படித்தவன் பொறியியலுக்குப் போவான். கெட்டிக்காரன் படிக்கிற பாடம். அதனால் அப்ளைட் என்று கேட்டவுடனே அம்மா அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிடும். இங்கே பத்தாம் வகுப்பில் அப்ளைட் என்றால் நேர் எதிர். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழி அகாடமிக். மகனின் அட்டவணையை எடுத்துக் கணக்குக்கு நேரே உள்ள பாடக் குறியீட்டைப் பாருங்கள். எம்.பி.எம்.2டி என்றிருந்தால் அகாடமிக். எம்.எஃப்.எம்.2பி என்றிருந்தால் அப்ளைட். கடைசி எழுத்துத்தான் விஷயம். அந்தப் "பி"யோடு பதினோராம் வகுப்பின் எம்.சி.ஆர்.3யூ கணக்குக்குப் போக முடியாது. அது இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பின் அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ், கல்குலஸ் என்ற கணக்குப் பாடங்களுக்கு நேரே போக முடியாது, சுற்றுவழிதான். பொறியியலும் அப்படித்தான்.

பதினொன்று, பன்னிரண்டில் எழுத்து மாறும். "யூ" என்றால் பல்கலைக்கழகம், "சி" என்றால் கொலிஜ் என்கிற தொழிற்கல்லூரி, "எம்" இரண்டுக்கும், "இ" வேலைக்கு. பல்கலைக்கழகம் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் "யூ" அல்லது "எம்" பாடங்களில் சிறந்த ஆறு. இ.என்.ஜி.4யூ ஆங்கிலம் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கேட்பார்கள். 30 கிரெடிட்டும் எடுத்து, லிற்றரசியும் சித்தியடைந்து, மேடையேறித் தொப்பி போட்டுப் படம் எடுத்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்கலாம். டிப்ளோமாவில் கடைசி எழுத்து அச்சடித்திருக்காது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அந்தப் பள்ளத்தில் விழுந்து இரண்டு வருடம் கிடந்தவன் நான்.

நான் வந்தது 1990 நவம்பரில். ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, கொழும்புக்கு வந்து, பிறகு இங்கே. 16 வயது. சென். ஜேம்ஸ் ரவுனில் இரண்டு அறை அப்பாட்மென்றில் ஒன்பது பேர். சித்தப்பா இரவு வேலை, நான் சனி ஞாயிறு அவரோடு போய்ச் சட்டி கழுவுவேன். அந்தக் காலத்தில் "டி"யும் "பி"யும் இல்லை, பேசிக், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று. பதின்மூன்றாம் வகுப்பு மாதிரி ஓ.ஏ.சி. என்று ஒன்று இருந்தது, 2003 வரைக்கும் இருந்தது. பல்கலைக்கழகம் என்றால் ஆறு ஓ.ஏ.சி. வேண்டும். அதற்கு அட்வான்ஸ்ட் படித்திருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது சொல்லுகிறேன். அப்போது யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் பாடத் தெரிவுக்கு வழிகாட்டுகிற கைடன்ஸ் கவுன்சிலர் ஒரு வயதான அம்மா. மேசையில் ரொபி வைத்திருப்பார், போகிற நேரமெல்லாம் ஒன்று தருவார். எனக்கு ஆங்கிலம் வராது என்று பார்த்து, பிள்ளை கஷ்டப்படக்கூடாது என்று எல்லாப் பாடமும் ஜெனரலில் போட்டார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா ஜெனரல் என்றால் பொது, எல்லாரும் படிப்பது, பேசிக் இல்லைத்தானே என்று சொல்லித் தமிழில் கையெழுத்து வைத்தார்.

கணக்கில் 94. ஊரில் ஒன்பதாம் வகுப்பில் செய்த கணக்குத்தான். சித்தப்பா அந்த ரிப்போட்டைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தார். வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினார். 1992 வசந்தத்தில் ஓ.ஏ.சி. கல்குலஸ் வேண்டும் என்று அதே அம்மாவிடம் போனேன். அவர் என் கோப்பைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகச் சொன்னார். நீ படித்தது அந்தக் கணக்கு இல்லை. பிறகு ரொபி எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்று நினைத்தால் வாங்கியிருக்கலாம். அவர் எனக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை.

அந்தக் கோடையில் சமர் ஸ்கூல், பிறகு இரவுப் பள்ளி, பகலில் வேலை. பதினோராம் வகுப்புக் கணக்கைத் திரும்ப அட்வான்ஸ்டில் படித்தேன். என் வயதுக்கு ஒருவரும் இல்லை, பக்கத்தில் இரண்டு பிள்ளை பெற்ற போர்த்துக்கீசப் பெண் ஒருவர், பின்னால் லொறி ஓட்டுகிற ஒருவர். இடைவேளையில் அந்தப் பெண் பாண் கொண்டுவந்து எல்லாருக்கும் பிய்த்துத் தருவார். நான் கணக்கு சொல்லிக்கொடுப்பேன், அவர் என் ஆங்கிலத்தைத் திருத்துவார். ஆறு ஓ.ஏ.சி. முடிக்க 21 வயதாகிவிட்டது. பிறகு என் பிள்ளைகள் இரண்டு பேர் படித்தபோது, ஆசிரியர் சந்திப்புக்கு நான் போனால் முதலில் குறியீட்டைத்தான் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு வெட்கம். பரவாயில்லை.

ஈ.எஸ்.எல். பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது உங்களிடம் வந்து கதைப்பார்கள். கலியாண மண்டபத்தில் கதைப்பார்கள், கோயில் வீதியில் கதைப்பார்கள். "ஈ.எஸ்.எல். மொக்குப் பிள்ளைகளின் வகுப்பு, உடனே வெளியே எடுங்கோ" என்பார்கள். சொல்லுகிற ஆள் இங்கே ஒரு நாளும் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார். ஈ.எஸ்.எல். ஐந்து படி, ஏயிலிருந்து ஈ வரை. அதில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலத்தின் நாலு கிரெடிட்டில் சேரும், நாலாவது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவியின் அக்கா மகள் 2010இல் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். ஆட்களின் கதையைக் கேட்டுத் தாய் அவளை ஈ.எஸ்.எல்.லிலிருந்து எடுத்தார். லிற்றரசியைத் தள்ளிப்போடவும் விடவில்லை. தவறியது. பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு பன்னிரண்டில், லிற்றரசிக்குப் பதிலாக இருக்கிற அந்த வகுப்பைப் படித்து முடித்தாள்.

அவளுக்கு இன்னொன்றும் நடந்தது, இது உங்கள் மகனுக்கும் வரும். பல பல்கலைக்கழகங்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் நாலு வருடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். பத்தாம் வகுப்பில் வந்தவனுக்கு மூன்று வருடத்துக்கு மேல் வராது. அப்போது ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ரோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனை எழுதச் சொல்லுவார்கள். அவளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு மாசியில்தான் தெரிந்தது, திகதி கிடைக்காமல் ஓடித் திரிந்தோம். மகன் போக நினைக்கிற இடங்களின் விதியைப் பதினோராம் வகுப்பிலேயே பாருங்கள். அவள் இன்று நேர்ஸ். என்னைவிட வேகமாக ஆங்கிலம் கதைக்கிறாள், எனக்கே பாதி விளங்காது.

4யூ ஆங்கிலத்தைக் காசு கட்டித் தனியார் இடத்தில் எடுத்தால் 90 நிச்சயம் என்றும் யாராவது காதில் போடுவார்கள். அப்படி 90 எடுத்த ஒரு தெரிந்த பெடியன் பல்கலைக்கழகத்தில் முதல் கட்டுரைக்கே கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தான். அதற்குமேல் சொல்லவில்லை.

மார்க்கம் கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. ஈ.கியூ.ஏ.ஓ. பெறுபேறுகளை வைத்துப் பிரேசர் என்ற ஆய்வு நிறுவனம் பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்துகிறது, எங்கள் ஆட்கள் அந்த வரிசையைப் பார்த்துக் கடன் மேல் கடன் எடுத்து வீடு வாங்குகிறார்கள். பிறகு கடன் கட்ட இரண்டு பேரும் இரண்டு வேலை செய்கிறார்கள், பிள்ளையின் பாடத் தெரிவுத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்க வீட்டில் ஆளில்லை. இருக்கிற இடத்தில் இருங்கள்.

இது மாசி மாதம், அடுத்த வருடப் பாடத் தெரிவுத் தாள் இப்போதுதான் வீட்டுக்கு வரும். செமஸ்டரும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள் கேட்டால் மாற்றுவது சுலபம். நாளைக்கே போங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மகனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பெடியன்கள் மொழிபெயர்க்கும்போது தங்களுக்குச் சுகமானதைத்தான் சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற செற்றில்மன்ற் வேர்க்கர் இருப்பார், தமிழ் தெரிந்த ஆள் கேளுங்கள். அகாடமிக் கணக்கு வேண்டும், ஆங்கிலத்துக்கு ஈ.எஸ்.எல். இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராதவனுக்கு அகாடமிக் கணக்கு கஷ்டம் என்பார்கள். ஊர்க் கணக்குக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், கணக்குக்கு மொழி குறைவு.

போய்விட்டு வந்து, குறியீட்டின் கடைசி எழுத்து என்ன என்று எனக்கு எழுதுங்கள்.