எந்த ஜோடி குலத்தையே பிறப்பிக்கும்? கேள்வி பதில்

முடிவுறு குலம் ஒன்றை எடுங்கள்: பெருக்கவும் அந்தப் பெருக்கலைத் திருப்பவும் முடிகிற, எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புகளின் தொகுதி. சமனியைத் (பெருக்கினால் எதையும் மாற்றாத உறுப்பு) தவிர ஒவ்வொரு உறுப்பும் ஒரு புள்ளி. எந்த இரண்டை மீண்டும் மீண்டும் பெருக்கினால் முழுக் குலமும் பிறக்குமோ, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. இதுதான் பிறப்பிப்புக் கோட்டுரு. இது எப்போது ஒரே துண்டாக இருக்கும் என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சார், கெய்லி கோட்டுருவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. 1878இல் கணிதவியலாளர் கெய்லி வரைந்ததில் எந்த உறுப்புகளால் பெருக்கிக் கோடு போடுவது என்று நாம் முதலிலேயே தேர்ந்துகொள்கிறோம். அவை குலத்தைப் பிறப்பித்தால் கோட்டுரு இணைந்திருக்கும், இல்லையென்றால் இருக்காது. இங்கே தேர்வு எதுவும் இல்லை, எல்லா ஜோடிகளும் ஒரே படத்தில் வருகின்றன.

சின்ன உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலம், அதாவது எஸ்3. புள்ளிகள் 5: மூன்று இடமாற்றங்கள், இரண்டு சுழற்சிகள். சுழற்சிகள் இரண்டும் தங்கள் உட்குலத்தை விட்டு வெளியே வராது. மற்ற எந்த ஜோடியும் குலத்தைப் பிறப்பித்துவிடும். ஆக 10 கோடுகளில் 9 உண்டு, ஒரே துண்டு.

எஸ்4-க்கும் அப்படித்தானா?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. (12)(34), அதாவது 1ஐயும் 2ஐயும், 3ஐயும் 4ஐயும் இடம்மாற்றுவது, அதேபோல் (13)(24), (14)(23) மூன்றும் சமனியோடு சேர்ந்து ஓர் இயல்நிலை உட்குலம் ஆகின்றன. அதை ஒரே உறுப்பாகச் சுருக்கினால் மிஞ்சுவது எஸ்3. இப்போது (12)(34)-க்குத் துணை தேடுங்கள். சுருக்கிய பிறகு அது வெறும் சமனி. அப்படியானால் துணை உறுப்பு தனியாளாக எஸ்3 முழுவதையும் பிறப்பிக்க வேண்டும். எஸ்3 சுழற்குலம் அல்ல, ஓர் உறுப்பின் அடுக்குகளால் அதை நிரப்ப முடியாது. ஆகவே அந்த மூன்று புள்ளிகளுக்கும் ஒரு கோடுகூடக் கிடையாது. மீதி 20 புள்ளிகளும் ஒரே துண்டுதான். எஸ்4 போன்ற தீர்வுறு குலங்களில் (பரிமாற்றுக் குலங்களை அடுக்கிக் கட்டப்படுபவை) தனிப்புள்ளிகளை, அதாவது கோடே இல்லாத புள்ளிகளை, நீக்கினால் மிச்சம் இணைந்தே இருக்கும் என்று கிரெஸ்தானியும் லுக்கினியும் நிறுவியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் தனிப்புள்ளி இல்லாமல் இருக்க, சுழற்குலம் அல்லாத ஈவுக்குலம் (சமனியைவிடப் பெரிய இயல்நிலை உட்குலத்தைச் சுருக்கினால் மிஞ்சுவது) ஒன்றுதான் தடையா?

ஆமாம். பிராயர், குரால்னிக், கேண்டர் மூவரும் 2008இல் அப்படி ஊகித்தார்கள். பர்னஸ், குரால்னிக், ஹார்ப்பர் 2021இல் நிரூபணத்தை வெளியிட்டார்கள். நான் மிகவும் வியக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு: தனிப்புள்ளி இல்லையென்றால் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே தூரம் 2-ஐத் தாண்டாது. தனிப்புள்ளி இல்லாமலும் துண்டுதுண்டாகவும் நிற்கும் இடைநிலையே கிடையாது. எளிய குலங்களில் (முழுக் குலத்தையும் சமனியையும் தவிர இயல்நிலை உட்குலம் இல்லாதவை) தனிப்புள்ளி இல்லை என்பது 2000த்திலேயே தெரியும்.

ஜோடிகளையே புள்ளிகளாக வைத்தால்?

நல்ல கேள்வி. (x, y) என்ற ஜோடியை (x, xy) என்று மாற்றுவது போன்ற நீல்சன் நகர்வுகளைக் கோடுகளாக்குங்கள். ஐந்து பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களால் ஆன, 60 உறுப்புகள் கொண்ட ஏ5-இல் வரிசைப்படுத்திய ஜோடிகள் 3600. அவற்றில் 2280 ஜோடிகள் குலத்தைப் பிறப்பிக்கும். ஆனால் அவை ஒரே துண்டு அல்ல. xyx⁻¹y⁻¹ என்பதன் வரிசை, அதாவது அதை எத்தனை முறை அடுக்கினால் முதன்முதலில் சமனி வரும் என்ற எண், எந்த நகர்விலும் மாறாது. சில ஜோடிகளுக்கு அது 3, சிலவற்றுக்கு 5, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழியே இல்லை. மும்மைகளை எடுத்தால் இந்தத் தடை விலகுகிறது. எல்லா முடிவுறு எளிய குலங்களுக்கும், தன்னுருவங்களால் (குலத்தின் அமைப்பைக் கலைக்காமல் அதை அதன்மேலேயே பொருத்தும் மாற்றங்கள்) வரும் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், மும்மைகள் ஒரே துண்டாகும் என்பது வீகோல்டின் ஊகம். அதற்குப் பொது நிரூபணம் இன்னும் வரவில்லை.