டின் மீன் பாஸ்தா: கேட்டவர்களுக்குப் பதில்

பலெர்மோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் ஆறு வருஷம் நின்றேன். இப்போது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். கேளுங்கள்.

கல்முனை: நாலு பேருக்கு எப்படிச் செய்வது அண்ணா? முழுசாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி, ஸ்பெகட்டி 400 கிராம், 425 கிராம் மீன் டின் ஒன்று, நன்றாகப் பழுத்த தக்காளிப்பழம் ஏழெட்டு எடுங்கள். நாலு லீற்றர் தண்ணீர் கொதித்ததும் இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஸ்பெகட்டியை அவியுங்கள். தாச்சியில் எண்ணெய் விட்டு ஐந்து பல் வெள்ளைப்பூடு, இரண்டு கொச்சிக்காய். பூடு சிவக்க முன்னே தக்காளியை வெட்டிப் போட்டு உப்புத் தூவினால் சாறு தானாக இறங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னே ஸ்பெகட்டியை எடுத்துத் தாச்சியில் போட்டு, அவித்த தண்ணீரில் அரைக் கோப்பை விட்டுப் புரட்டுங்கள். சாறு நூலில் ஒட்டுவது அந்த மாத்தண்ணீரால்தான். அதை முழுக்க வடித்து ஊற்றிவிடாதீர்கள்.

மீன் கடைசியில். டின்னை மூடிய பிறகு அதற்குள்ளேயே வேகவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். நாம் திரும்பவும் வேகவைத்தால் தூளாகி, வாடைதான் மிஞ்சும். துண்டு துண்டாகப் போட்டு ஒருதரம் புரட்டி, தேசிக்காய் பிழிந்து, மிளகுதூள் தூவி இறக்குங்கள்.

செங்கலடி: இத்தனை மீன் இருக்கிற ஊரில் டின் மீன் எதற்கு?

மார்கழி வாடைக்காற்றில் கரையில் ஏற்றிக் கிடக்கிற தோணிகளைக் கேளுங்கள்.

ஏறாவூர்: முள்ளை எடுக்க வேண்டுமா?

வேண்டாம். டின்னுக்குள்ளேயே மெத்தென்று ஆகிவிடும். கல்சியமும் அதில்தான்.

அக்கரைப்பற்று: மேலே சீஸ் தூவலாமா?

மீன் பாஸ்தாவுக்கு இத்தாலிக்காரர் பெரும்பாலும் சீஸ் போடுவதில்லை. சிசிலியில் மத்தி மீன் போட்ட பாஸ்தாவுக்கு, வறுத்த பாண்தூளைத் தூவுவார்கள். சீஸ் வாங்க வசதியில்லாதவர் கண்ட வழி என்பார்கள். முந்தாநாள் மிஞ்சிய ரோஸ்ட் பாணை உதிர்த்து, கொஞ்சம் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாருங்கள். சீஸை மறந்துவிடுவீர்கள்.

வாழைச்சேனை: தேங்காய்ப்பால் விட்டால் நல்லா இருக்குமே?

அது பாஸ்தா இல்லை, நூல் போட்ட பாலாணம், அதாவது தேங்காய்ப்பால் கறி. தக்காளிப் புளியோடு கொதித்தால் பால் திரையும்.

பாண்டிருப்பு: எங்கள் மாமி தக்காளி போட்டுத்தான் மீன்சொதி வைக்கிறா. திரைகிறதில்லையே?

மாமி முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வர முன்னே துழாவி இறக்குவா. கேட்டுப் பாருங்கள்.

வாழைச்சேனை: அப்ப நாங்களும் அப்படியே விடலாம்தானே?

விடலாம், வேறு பெயர் வையுங்கள். பழுத்த தக்காளியின் புளிப்புக்காகத்தான் இந்தச் சாப்பாடே. பால் அதை அமுக்கிவிடும்.

அக்கரைப்பற்று: இத்தாலிக்காரரும் மீனுக்குக் கிறீம் விடுகிறார்களே?

விடுகிறார்கள், சால்மனுக்கு. உங்கள் டின்னைத் திருப்பிப் பாருங்கள், மக்கரல் என்று இருக்கும். எல்லா மீன் டின்னையும் நாம் சால்மன் என்ற பெயரைத் திரித்து ‘சமன்’ என்று கூப்பிடுவதால் அது சால்மன் ஆகிவிடாது.

வாழைச்சேனை: பால் இல்லாமல் மட்டக்களப்பில் சமையலா?

சரி, விடுங்கள்.

களுவாஞ்சிக்குடி: மீனை எப்போது போடுவது?

கடைசியில்.

திருக்கோவில்: ஸ்பெகட்டி எத்தனை நிமிடம்?

பாக்கெட்டில் இருக்கிறது.

ஆரையம்பதி: ஒட்டாமலிருக்கத் தண்ணீரில் எண்ணெய் விடவா?

வேண்டாம், எண்ணெய் மேலேதான் மிதக்கும். போட்டதும் இரண்டு நிமிடம் கிளறுங்கள்.

காத்தான்குடி: டின் மூடி கொஞ்சம் ஊதியிருக்கிறது. மணந்து பார்த்துவிட்டுச் சமைக்கலாமா?

திறக்கவே வேண்டாம் தம்பி. கெட்ட டின்னுக்குள் கிருமி உண்டாக்கும் பொட்டுலினம் நச்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. எறியுங்கள். நல்ல டின் என்றாலும், திறந்த மீனை வெக்கையில் மணிக்கணக்காக வைக்காதீர்கள். மீன் கெடும்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறினால் முகம் சிவந்து, உடம்பு கடிக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிப் பிரிட்ஜில் வையுங்கள்.

சம்மாந்துறை: மீனை எப்போது போடுவது?

மேலே மூன்று முழத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஓட்டமாவடி: மீனைத் தக்காளியோடு முதலிலேயே போட்டுவிட்டேன். எல்லாம் கூழாகிவிட்டது. இனி என்ன செய்ய?

அடுப்பை அணைத்து, தேங்காய்ப்பால் விட்டு, இடியப்பத்தோடு சாப்பிடுங்கள். வாழைச்சேனைக்காரரிடம் சொல்லாதீர்கள்.